நம்ம தெரு, நம்ம காசு, அனுமதி எதற்கு?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத வெளியூர் உரிமையாளர்களுக்காகச் சில விவரங்களைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்.)



தெரு வேலைக்காக வீட்டுக்கு 15,000 ரூபாய் என்று செயலாளர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். 18 வீடு, ஆக 2,70,000 ரூபாய். அதில் நான்கு வேலைகள் சொல்லியிருந்தார். ஒன்று, வளைவில் மலைப்பக்கம் மண்ணை வெட்டித் தெருவை அகலப்படுத்துவது. இரண்டு, தெரு வாயிலில் கேட் போட்டு ஒரு காவலாளியை நிறுத்துவது. மூன்று, பேவர் பிளாக்கும் வேகத்தடையும். நான்கு, தெருமுனையில் சின்னதாக ஒரு பிள்ளையார். நான்குமே நல்ல எண்ணத்தில் வந்தவைதான். போன சீசனில் 108 வண்டி வளைவில் திரும்ப முடியாமல் கீழேயே நின்றது, மூன்றாம் மாடி அம்மாவை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிப் போனோம். அதைப் பார்த்தவர் யாரும் தெருவை அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார், "நம்ம தெரு, நம்ம காசு, நகராட்சிக்கு ஒரு பைசா செலவில்லை. எதற்கு அனுமதி? கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?" நியாயமாகத் தோன்றும் கேள்விதான். 35 வருடம் வங்கியில் மனுக்களை வாங்கி அடுக்கியவன் என்பதால், பதிலைத் தேடிப் பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

முதலில் "நம்ம தெரு" என்பதை எடுத்துக்கொள்வோம். தெரு நம்முடையது இல்லை. நகராட்சிக்கே கூட, நாம் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருக்கிற மாதிரி அது சொந்தம் இல்லை. 1964-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அன்றைய உத்தரப் பிரதேசத்தில் மங்களௌர் என்று ஓர் ஊர், கர்நாடகத்து மங்களூர் இல்லை. அங்கே சாலையோரத்தில் காந்தி சிலை வைத்து, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலும் ஒரு நூலகமும் கட்ட நகராட்சி நினைத்தது. காந்தி, தண்ணீர், புத்தகம், இவற்றில் எதை வேண்டாம் என்பீர்கள்? ஆனாலும் நீதிமன்றம் கூடாது என்றது. சாலையும் அதன் ஓரமும் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது மக்கள் நடமாட்டத்துக்காக. சாலையைப் பராமரிக்கவோ பயன்படுத்தவோ தேவைப்படாத எதையும் அங்கே கட்ட நகராட்சிக்கே உரிமை கிடையாது. வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி மேலாளரிடம் இருக்கும், நகை அவருடையது இல்லை.

நகராட்சியே செய்ய முடியாததை அதனிடம் நாம் அனுமதியாகக் கேட்டு வாங்க முடியாது. நம் பட்டியலில் இரண்டு வேலைகள் இதிலேயே அடிபடுகின்றன.

பிள்ளையார் விஷயத்தில் இன்னும் நேரடியான உத்தரவே உண்டு. பொதுத் தெருவிலும் பூங்காவிலும் மற்ற பொது இடங்களிலும் புதிதாக எந்த மதத்தின் வழிபாட்டு இடமும் கட்டக்கூடாது என்று 29.9.2009 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்றரை அடி மாடத்துக்கும் அது பொருந்தும். பிள்ளையார் வேண்டுமென்றால் நம் காம்பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அது நாமே முடிவு செய்துகொள்ளக்கூடியது.

கேட்டுக்கு வருவோம். சென்னையில் சில நகர்களில் கேட் போட்டிருக்கிறார்களே என்று கேட்கிறீர்கள். போட்டிருக்கிறார்கள், உண்மைதான். யாரும் புகார் கொடுக்காதவரை நிற்கும். நம் தெரு வழியாகத்தான் மேலே இருக்கிற ஏழெட்டு வீட்டுக்காரர்களும், காலையில் காய்கறிக் கூடையோடு வருகிற பெண்களும் போகிறார்கள். அவர்கள் நம் காவலாளியிடம் பெயர் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றால், அப்படி ஓர் அதிகாரத்தை நமக்கு எந்தச் சட்டமும் தரவில்லை. கேட் கேட்பதன் உண்மையான காரணம் சுற்றுலா வண்டிகள் என்பது எனக்கும் தெரியும். மே மாதம் நம் வாசலில் நின்றுகொண்டு ஃபோனில் வழி பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தைத் தெருமுனையில் தடுக்க முடியாது, மலை அடிவாரத்தில்தான் தடுக்க முடியும். அதற்காகத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்தது. 2025 சீசனுக்குக் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தது. உள்ளூர் வண்டிகளுக்கு அதில் தடை இல்லை. அது சரியாக நடக்கிறதா என்று கேட்டு மனு எழுதலாம், நானே எழுதித் தருகிறேன். கேட்டுக்கு என் ஓட்டு இல்லை.

அடுத்தது முக்கியமான விஷயம், அந்த வளைவு.

சமவெளியில் தெரு அகலம் போதவில்லை என்றால் ஓரத்துப் புறம்போக்கை எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஓரம் என்பது நின்றுகொண்டிருக்கிற மண். நாம் வெட்ட நினைக்கிற இடத்தில் இரண்டு நாவல் மரங்கள் இருக்கின்றன. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் மரத்தை வெட்டக் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். பட்டா நிலத்து மரத்துக்கே அப்படித்தான். தெருவோரத்து மரத்தை நகராட்சி தன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள் என்று நமக்குச் சொல்ல முடியாது. மண் வெட்ட பொக்லைன் வேண்டும். அனுமதி இல்லாமல் அதை இந்த மலையில் இறக்கக்கூடாது என்பது இங்கே வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வேறு இருக்கிறது, நாம் ஹாகா என்று சொல்வோமே, அதுதான். 1990-லிருந்து மலைக் கிராமங்களில் மனைப்பிரிவு, கட்டடம் என்று எது வந்தாலும், வனத்துறை முதல் கனிமவளத் துறை வரை என்ன சொல்கின்றன என்று பார்த்துத்தான் சம்மதம் தருகிறார்கள்.

இதெல்லாம் வெறும் காகித வேலை என்று அலுத்துக்கொள்ளலாம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது இங்கே இருந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மரம் சாய்ந்தது, மண் சரிந்தது, ரோடு அடைபட்டது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மலைச் சரிவின் அடிப்பக்கத்தை வெட்டினால் மேலே இருக்கிற மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். தடுப்புச்சுவர் கட்டிவிடலாம் என்பீர்கள். சுவருக்குப் பின்னால் மழைத்தண்ணீர் வெளியேறத் துவாரம் விடாமல் கட்டினால், ஊறிய மண் சுவரையும் தள்ளிக்கொண்டுதான் வரும். ஆகவே வளைவை வெட்டக் கேட்டு, முடியாது என்று பதில் வந்தால் அது சரியான பதில். அதை எதிர்த்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிச் சொன்னவுடன் ஒருவர், "ஆளைப் பிடித்தால் அனுமதி வாங்கிவிடலாம் சார்" என்றார். வாங்கலாம், ஆனால் அது நிற்க வேண்டுமே. இந்த ஊரிலேயே அதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. பிளசண்ட் ஸ்டே ஓட்டல். விதிப்படி இரண்டு தளம், எழுந்தது ஏழு தளம். 1994 மே மாதம் விதிவிலக்குக் கொடுத்து அரசாணையே வந்தது. அரசாணைக்கு மேல் என்ன அனுமதி வேண்டும்? பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் வழக்குப் போட்டது. 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதிலிருந்து கிளம்பிய குற்ற வழக்கில் 2000-ல் தண்டனை வந்ததும், 2001-ல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. அரசியல் இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது முதல் பாதிதான், கையில் அரசாணையே இருந்தும் கட்டடம் தப்பவில்லை. 2019-ல் நீதிமன்ற உத்தரவின்படி இங்கே விதிமீறிய கட்டடங்களுக்கு வரிசையாகச் சீல் வைத்தபோது, கடனுக்கு அடமானம் வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கொடுக்கக்கூடாத இடத்தில் வாங்கிய அனுமதிக்கு வங்கிக்காரன் ஒரு ரூபாய் மதிப்புப் போட மாட்டான்.

அதற்காக, மலை என்றாலே எதற்கும் முடியாதுதான் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் பழகிப்போன அலுவலகங்களும் உண்டு, அதுவும் தப்பு.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் வழியாகக் கீழே இறங்கினால் வெள்ளகவி. செருப்புப் போடாமல் ஊருக்குள் போக வேண்டிய கிராமம் என்று சுற்றுலாப் பயணிகள் வீடியோ எடுத்துப் போடுகிறார்களே, அதே ஊர். தலைமுறை தலைமுறையாக வண்டி போகிற சாலை இல்லாமல் வாழ்ந்த ஊர். உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, ஒன்று மேலே ஏற வேண்டியிருந்தது, அல்லது கும்பக்கரைப் பக்கம் இறங்க வேண்டியிருந்தது. நாம் ஒரு நாள் நாற்காலியில் நூறடி தூக்கியதையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். சுற்றிலும் காடு. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் வேறு அறிவிக்கப்பட்டது. சாலை கேட்டால் வனத்துறை முடியாது என்பதற்கு இவ்வளவு காரணங்கள் உண்டு.

ஆனால் அதே சட்டப் புத்தக அலமாரியில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் இருக்கிறது. அதன் 3(2) பிரிவு, காட்டில் வாழும் பழங்குடியினருக்கும், 75 ஆண்டுகளாகக் காட்டை நம்பி வாழ்ந்த மற்றவர்களுக்கும், பள்ளி, மருந்தகம், ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வகை வசதிகளுக்காகக் காட்டு நிலம் ஒதுக்கச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. ஓட்டலுக்கு ஏழு தளம் எழுந்த அதே தாலுகாவில், டோலி தூக்கியவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு வண்டிப் பாதை எழவில்லை என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சட்டத்தில் இடம் இருந்தால், மறுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். வளைவை வெட்டுவதற்கு நம் பக்கம் சட்டத்தில் இடம் இல்லை. ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்பதற்கு இருக்கிறது. இரண்டையும் பிரித்துக்கொண்டால் வழி தெரிகிறது.

என் யோசனையை இப்போது சொல்கிறேன். பாதிப் பேருக்குப் பிடிக்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன். வளைவில் மலைப்பக்கம் மண் இருக்கிறது, எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? நம் காம்பவுண்டு சுவர். சுவருக்கு உள்ளே விருந்தினர் வண்டி நிறுத்த இரண்டு இடம். சுவரை 20 மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினால் 108 வண்டி தாராளமாகத் திரும்பும். அந்தப் பக்கம் சமதளம், மரமும் இல்லை. விடுகிற 30 சதுர மீட்டரை நகராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நம் பார்க்கிங் குறையும், ஒப்புக்கொள்கிறேன். மலையிடம் கேட்பதை நாமே கொடுக்கலாம் என்கிறேன், வேறொன்றும் இல்லை.

இதில் நடைமுறைச் சிக்கல் உண்டு. பொது இடம் 18 பேரின் பிரிபடாத பாகத்தில் இருக்கிறது. செயலாளர் ஒருவர் கையெழுத்தில் தானப் பத்திரம் பதிவாகாது. 18 உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும். துபாயிலும் சென்னையிலும் இருப்பவர்கள் பவர் கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கடன் பாக்கி இருப்பவர்கள் அவரவர் வங்கியிடம் தடையில்லாக் கடிதம் வாங்க வேண்டும், ஏனென்றால் அடமானத்தில் அந்தப் பாகமும் சேர்ந்திருக்கிறது. வங்கி தருமா என்று பயப்படாதீர்கள். சாலை வசதி கூடினால் சொத்து மதிப்புக் குறையாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் கேட்காமல் செய்தால் பின்னால் பத்திரத்தைத் திரும்ப வாங்கும்போது இழுக்கும்.

மூன்றாவது வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேவர் பிளாக் போடலாம். ஆனால் இருக்கிற ரோட்டின் மேலேயே போட்டு உயர்த்தக் கேட்டால் மறுக்க வேண்டும். பழைய தளத்தைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்தில்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அதிகாரிகளுக்கு எழுதினார். நம் தெரு உயர்ந்தால் மழைத்தண்ணீர் கீழ் வீட்டுக்காரர் வாசலுக்குள் போகும். ஓரத்து வடிகாலை மூடி அகலம் காட்டலாம் என்ற யோசனையும் அதே காரணத்தால் ஆகாது. வேகத்தடையை நாமே சிமென்ட் குழைத்துப் போடக்கூடாது. இந்திய சாலைகள் காங்கிரசின் அளவுப்படி 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், வளைவாக இருக்க வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். நம் ஏற்றத்தில் அது தேவையா என்பதே எனக்குச் சந்தேகம். முதல் கியரில் ஏறுகிற வண்டிக்கு எதற்கு வேகத்தடை?

பணத்தைப் பற்றி. நாமே ஆள் வைத்துத் தெருவைத் தோண்டினால் அது அத்துமீறல், எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும். ஆனால் நமக்கு நாமே திட்டம் இதற்காகவே இருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போட்டு நகராட்சி மூலம் வேலை நடக்கும். பொறியாளரின் மதிப்பீடு 8 லட்சத்துக்குள் நின்றால், நம் 2,70,000 அதற்குச் சரியாக இருக்கும். அப்போது அது நகராட்சியின் வேலை. நாளைக்கு உடைந்தாலும் பராமரிப்பு அவர்களுடையது.

எல்லாம் முறையாகக் கேட்டும் மறுத்தால்? வாய்மொழியாக "முடியாதுங்க" என்று சொன்னால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். "பரிசீலிக்க இயலாது" என்று ஒரு வரி வந்தால் காரணம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(டி): நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த முடிவின் காரணத்தைச் சொல்வது அலுவலகத்தின் கடமை. 10 ரூபாய் கட்டணத்தில் மனு, 30 நாளில் பதில். எழுதி வாங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஓர் உத்தரவு செல்லுமா என்பதை அதில் எழுதியிருக்கிற காரணத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பின்னால் கோர்ட்டில் புதுக் காரணம் சொல்லி முட்டுக்கொடுக்க முடியாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் மொகிந்தர் சிங் கில் வழக்கில் சொன்னது. காரணத்தில் மரம், சரிவு, வடிகால், பொது வழி என்று இருந்தால் நம் திட்டத்தைத் திருத்திக்கொண்டு போவோம். காரணமே இல்லையென்றால் விட வேண்டியதில்லை, மேலே போகலாம். நம் அலமாரியில் இருக்கும் பழைய மனு மாதிரிகளில் இன்னும் 1920-ஆம் வருடத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பெயர் இருக்கிறது. அதைத் தூக்கிப் போடுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-தான் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்த பொதுக்குழுவில் சுவரை உள்ளே தள்ளுவதா இல்லையா என்பது மட்டும் ஓட்டுக்கு வரும். 18-ல் ஒருவர் மறுத்தாலும் தானப் பத்திரம் நடக்காது, ஆகவே வெளியூரில் இருப்பவர்கள் சும்மா இருந்துவிடாமல் சம்மதமோ ஆட்சேபணையோ எழுதி அனுப்புங்கள். சர்வே வரைபடத்தின் நகலில் ஒன்றரை மீட்டரைச் சிவப்பு மையில் குறித்து அலுவலக அறையில் ஒட்டியிருக்கிறேன். இடத்தில் சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று. ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். பார்க்கிங் போகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் உங்கள் காரையே எடுத்துவந்து அந்த வளைவில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், பிறகு பேசலாம்.